எய்னியனுக்கு மூன்று விதவைகள்

ஹுனித்தின் புருஷன் எய்னியன் காய்ச்சல் கண்டு படுக்கையில் செத்தான். இது அவளுக்குத் தெரியும், கஷாயம் காய்ச்சிக் கொடுத்த பால்காரி டித்கிக்குத் தெரியும், கடைசி எண்ணெய் பூச வந்த பாதிரிக்கும் தெரியும். புலவர்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர்கள் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பிரபு காய்ச்சலில் சாவதற்குச் சந்தம் கிடையாது.

எய்னியன் ஒன்றும் பெரிய ராஜா இல்லை. இரண்டு மலைக்கு நடுவே ஒரு ஆறு, ஆற்றங்கரையில் கொஞ்சம் ஓட்ஸ் வயல், மேலே ஆடு மேய்கிற சரிவு, நடுவில் மரத்தால் கட்டிய ஒரு கூடம். அவன் நாடு அவ்வளவுதான். ஆனால் கூடம் என்று ஒன்று இருந்தால் தலைமைப் புலவர் இருக்க வேண்டும். தலைமைப் புலவர் இருந்தால் பிரபு ஓநாயாகவும் கழுகாகவும் இருந்துதான் ஆக வேண்டும். எய்னியனும் இருந்தான், கூடத்துக்குள் இருக்கிற வரைக்கும். வாசலைத் தாண்டியதும், முற்றத்தில் நிற்கும் கிழட்டு ஆண் வாத்துக்குப் பயந்து பின்கட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போவான்.

அவனைப் புதைத்த அன்றே ஹுனித்துக்குச் சனியன் பிடித்தது. குழியருகே எய்னியனின் தம்பி ரிரித், அடுத்த பிரபுவாகப் போகிறவன், வாய்விட்டு அழுதான். தலைமைப் புலவர் குர்கந்த் அவன் தோளைத் தொட்டு, "தம்பி, ஆம்பளை சும்மா அழக்கூடாது. சந்தத்தோட அழணும். உங்களுக்கு வராது, நான் அழறேன், விடுங்க" என்றார். ரிரித் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கினான். குர்கந்த் அவனுக்குப் பதிலாக நெடுநேரம் அழுதார். தாடியெல்லாம் நனைந்தது. எதுகை ஒன்றுகூடத் தப்பவில்லை.

அதற்குப் பிறகு கூடத்தில் சாவு விருந்து. ஹுனித் எப்போதும் உட்காருகிற இடத்தில், கணப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கூடத்து நீதிபதி இனிர் வந்து நின்றான்.

"அம்மணி, கொஞ்சம் எழுந்திரிங்க."

"ஏன்?"

"இன்னிக்கு இது விதவை உட்கார்ற இடம்."

"நான்தானே விதவை?"

இனிர் பெருமூச்சு விட்டான். சட்டம் தெரியாதவர்களுக்குச் சட்டம் சொல்வதுதான் அவன் தொழிலிலேயே அலுப்பான வேலை.

"நீங்க கட்டிக்கிட்ட வகையில விதவை. அது வேற. குர்கந்த் புலவர், பிரபு உயிரோட இருந்தப்பவே, 'உன் ஒரே காதலி நான், உன் கம்பளிக்குள் என்னைத் தவிர வேறு யாருக்கும் இடமில்லை'ன்னு இதே கூடத்துல, எல்லார் முன்னாலயும் பாடியிருக்காரு. பிரபு மறுக்கல. மறுக்காதது மட்டுமில்ல, ஒரு சட்டையும் கொடுத்தாரு. நீங்க எல்லார் முன்னாலயும் அப்படி ஏதாவது சொன்னதுண்டா?"

ஹுனித் யோசித்துப் பார்த்தாள். எல்லார் முன்னாலும் அவள் எய்னியனிடம் சொன்னது, "மூக்கைத் துடைங்க" என்பது மட்டும்தான்.

"அதோட, இழப்புன்னு பார்த்தா," என்று இனிர் விரலை மடக்கத் தொடங்கினான், "உங்களுக்குப் போனது ஒரு புருஷன். புலவருக்குப் போனது கழுகு, கலைமான், மதில், விடியற்காலைச் சூரியன். யாருக்கு நஷ்டம் அதிகம், நீங்களே சொல்லுங்க."

அவள் எழுந்தாள். குர்கந்த், உடம்பு நடுங்க, இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்துவர, அந்த இடத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஆட்டுத் தொடை எங்கே என்று கேட்டார். ஹுனித்தைக் கதவோரப் பெஞ்சில், குளிர்காற்று நுழைகிற இடத்தில் உட்கார வைத்தார்கள். அங்கே ஏற்கெனவே ஒரு நாய் இருந்தது. அது மட்டும் அவளுக்கு இடம் விட்டது.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரத்தில் எய்னியன் திரும்பி வந்தான்.

பனிமூட்டம் பால்கொட்டகைக்குள்ளேயே நுழைந்து கிடந்தது. ஹுனித் வெண்ணெய் கடைந்துகொண்டிருந்தாள். டித்கி அடுத்த மாட்டைப் பிடித்துவரப் போயிருந்தாள். கறந்து வைத்த பால்வாளியிலிருந்து ஆவி எழுந்தது. அந்த ஆவியில் இரண்டு கைகள் குளிர்காய்ந்துகொண்டிருந்தன. அவளுக்குத் தெரிந்த கைகள்தான், நகம் கடித்த கைகள். நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க," என்றாள். பயத்தைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது. "செத்தவங்க செத்த இடத்துல இருக்க வேண்டாமா?"

"குளிருது ஹுனித். குழியில தண்ணி ஊறுது."

"அப்ப மேட்டுல தோண்டச் சொன்னேனே, கேட்டானுங்களா!"

"போயிடுவேன். பாட்டு முடியணும். பாட்டு முடியாம பிரபு போகக் கூடாதாம். வழியில நிறுத்திட்டாங்க." யார் நிறுத்தினார்கள் என்று அவன் சொல்லவில்லை. குரலைத் தாழ்த்தி, "என்னைப் பத்தி என்ன சொல்லப் போறாங்களோ?" என்று கேட்டான்.

"நல்லதாத்தான் சொல்வாங்க."

"அதுதான் பயமா இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். துடைத்து முடிப்பதற்குள் ஆள் இல்லை, பால் மட்டும் ஆறிக் கிடந்தது. அன்றைக்கு அவளுக்கு வேலை ஓடியது. செத்தாலும் மனுஷன் நம் மனுஷன்தான் என்று ஒரு தெம்பு.

அன்று மாலை முதலாவது இரங்கற்பாட்டு. பாடியது படைப்புலவன் இத்தெல். குண்டான இளைஞன், சண்டை என்றால் எட்ட நின்று பாடுகிறவன். தலைமைப் புலவர் இருக்கையின்மேல் அவனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண். பிரபுவை யார் அதிகம் காதலித்தது என்று பாட்டில் நிரூபிக்கிறவனுக்குத்தான் அந்த இருக்கை. இத்தெல் யாழை எடுத்து மீட்டி, கண்ணை மூடிக்கொண்டு அலறினான்: என் படுக்கையில் பாதி கல்லாகிவிட்டது, உயர்ந்த என் தலைவா, நீ நிமிர்ந்தால் மலை குனியும், உன் ஈட்டி காகங்களுக்குச் சோறு போட்டது, நூறு பகைவர் ஈட்டி உன் மார்பில் பாய்ந்தபோது, ஐயோ, அதில் ஒன்றாக நான் இருக்கக் கூடாதா!

கூடத்தில் பெரிய பெரிய தாடிக்காரர்கள் எல்லாம் மூக்கைச் சிந்தினார்கள். வீட்டில் பிள்ளை செத்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு விறகு பிளக்கப் போனவர்கள் அவர்கள். இங்கே அழுதால் அது வீரம்.

மறுநாள் காலை பால்கொட்டகை நிலைப்படியில் டங்கென்று ஒரு சத்தம். எய்னியன் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இந்த நிலை எப்ப தாழ்ந்துச்சு?" என்றான்.

நிலை தாழவில்லை. அவன் வளர்ந்திருந்தான். எப்போதும் அவள் காது மட்டத்துக்கு நிற்கிறவன் இப்போது குனிந்து உள்ளே வந்தான். கூரைமேல் காகங்கள் வந்து உட்கார்ந்தன, ஒன்று, பிறகு ஒரு கூட்டம். அவை கத்தவில்லை. சோற்றுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி கீழே பார்த்துக்கொண்டிருந்தன. முற்றத்தில் அந்தக் கிழட்டு ஆண் வாத்து அவனைப் பார்த்ததும் தன் குஞ்சு குட்டிகளை விட்டுவிட்டு ஆற்றில் குதித்தது.

"ஹுனித், இது எனக்கு எப்படி வந்துச்சு?" அவன் சட்டையை விலக்கினான். மார்பு முழுக்க ஈட்டிக் குத்துகள், நூற்றுக்கு ஒன்று குறையாது. "வலிக்கல. ஆனா எனக்கு ஞாபகம் இல்ல."

"அது உங்களுது இல்லங்க. இத்தெல் வெச்சது."

"அப்படியா?" என்று யோசித்தான். "இருந்தாலும் இருக்கலாம்" என்றான். அந்த யோசனைதான் அவளை உலுக்கியது. அவன் போன பிறகு கடைகோலைப் பிடித்தபடி அவன் மூக்கை நினைத்துப் பார்த்தாள். சின்ன வயதில் குதிரை உதைத்து ஒரு பக்கம் சாய்ந்த மூக்கு. எந்தப் பக்கம்? நினைவில் கையை விட்டுத் துழாவினால் கழுகின் அலகு அகப்பட்டது. கண் என்ன நிறம் என்று தேடினால், பகைவர் நடுங்கும் கண் என்று பாட்டு வந்து நின்றது. இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவனின் முகத்தை ஒரே சாயங்காலத்தில் வழித்து எடுத்துவிட்டார்கள்! இன்னும் தலைமைப் புலவர் பாடவே இல்லை. அவர் பாடினால் மிச்சமும் போய்விடும்.

கையோடு ஒரு பானை வெண்ணெயை எடுத்துக்கொண்டு குர்கந்தின் குடிலுக்கு ஓடினாள். அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, விரக தாபத்தில் இருந்தார். அதாவது, எதுகை தேடிக்கொண்டிருந்தார்.

"புலவரே, ஒரு வேண்டுதல். உங்க பாட்டுல அவரை உள்ளபடி ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க."

"எல்லாமே உள்ளதுதானே அம்மணி?"

"அவர் குள்ளம். மூக்கு சாய்ஞ்சிருக்கும். தூங்கறப்ப அதுல விசில் அடிக்கும். நொண்டி ஆட்டைத் தோள்ல தூக்கிட்டு வருவாரு. ஏதாவது ஒண்ணு போதும். அதைப் பிடிச்சுக்கிட்டு அவர் திரும்பி வந்துடுவாரு."

குர்கந்த் வெண்ணெயை வாங்கிப் பத்திரமாக வைத்தார். பிறகு ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

"நீங்க சொல்றது ஒரு மனுஷன், அம்மணி. நான் பாடறது ஆம்பளைய. ஆம்பளைன்னா மரபுல ஒரே ஆம்பளைதான். உயரமா இருப்பான், பகைவனைக் கொல்லுவான், புலவனுக்குக் கொடுப்பான். இவருக்கு முன்னால இவர் அப்பாவைக் காதலிச்சேன். அதுக்கு முன்னால ஆத்துக்கு அந்தப் பக்கத்துப் பிரபுவை. இவங்க ரெண்டு பேருக்கும் தீராப்பகை, தெரியுமில்ல? ரெண்டு பேருக்கும் ஒரே பாட்டுதான், பேரை மட்டும் மாத்தினேன். முகம் பார்த்துக் காதலிச்சிருந்தா நான் இந்தத் தொழில்ல தாக்குப்பிடிச்சிருப்பேனா?"

"அவர் கண்ணு என்ன நிறம்னாவது தெரியுமா உங்களுக்கு?"

"அவரை நான் நேராப் பார்த்ததே இல்லையே," என்றார் குர்கந்த், சற்று மனத்தாங்கலோடு. "சூரியனை யாராவது நேராப் பார்ப்பாங்களா?"

அன்று மாலை அவர் பாடினார். அவருக்கு வயதாகியிருந்தாலும் குரல் அப்படியே இருந்தது. நல்ல பாட்டு, அதைச் சொல்லத்தான் வேண்டும். நல்ல பாட்டாக இருந்ததுதான் கஷ்டம். கதவோரப் பெஞ்சில் ஹுனித் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரல் இடுக்கில் புகுந்து வந்தது: பொன் கழுத்தணி அணிந்த என் காதலா, நீ போன குழியில் எனக்கும் பாதி உண்டு, உன் மார்பில் உறங்கியவள் நான் ஒருத்தியே, வா, என் கம்பளி குளிர்கிறது. கடைசி அடியில் கணப்பு நெருப்பு சட்டென்று தாழ்ந்தது. எல்லோரும் கலைநயம் என்று தலையாட்டினார்கள். இருக்கை குர்கந்துக்கே என்று தீர்ப்பாயிற்று. இத்தெலைப் பிரபுவின் இரண்டாம் விதவை என்று அறிவித்து ஒரு ஜோடி செருப்பு கொடுத்தார்கள்.

காலையில் அவன் வரவில்லை. மத்தியானம் மழை பெய்து, மலை மறைந்து, பொழுது சாய்வதற்கு முன்பே இருட்டத் தொடங்கியபோது பால்கொட்டகை வாசல் வெளுத்தது. ஹுனித் திரும்பினாள். பொன் கழுத்தணி, அகன்ற தோள், காலடியில் நிழல்போல ஓநாய்கள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் தேய்த்த கேடயம் மாதிரி ஒரு பளபளப்பு. கண் இல்லை, வாய் இல்லை. அந்தப் பளபளப்புக்குள் தேடினால் அவள் முகம்தான் தெரிந்தது.

டித்கி கையிலிருந்த வாளியைப் போட்டுவிட்டு, "அம்மா, யாரும்மா இது?" என்றாள்.

"பெண்ணே," என்றது அது, கொம்பு ஊதுகிற குரலில். "என் காதலி எங்கே?"

"நான்தாங்க. ஹுனித்."

"அந்தப் பேர் பாட்டில் இல்லை. என் மார்பில் உறங்கியவள் எங்கே? குளிர்கிறது என்றாளே."

அழுகை வரப் பார்த்தது, அதை முந்திக்கொண்டு கோபம் வந்தது. இருபது வருஷம் அவன் காலுக்குச் சூடு கொடுத்தவள் அவள். யாரோ ஒருவர் தாடியோடு உட்கார்ந்து ஒரு பாட்டைப் பாடி, அவளை அவன் தலைக்குள்ளிருந்தே துடைத்துவிட்டார். அவள் கையை நீட்டிக் குர்கந்தின் குடிலைக் காட்டினாள்.

"அதோ, அங்கதான். போங்க. ரொம்பக் குளிருதாம்."

அவள் செய்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

சிறிது நேரத்தில் குர்கந்த் ஒரு கால் செருப்போடு கூடத்துக்குள் ஓடி வந்து விழுந்தார். "கதவைச் சாத்துங்க! வந்துட்டான்! கம்பளிய விலக்கிட்டு, 'தள்ளிப் படு'ங்கறான்!"

கதவைச் சாத்தினார்கள். அது கதவின் வழியாகவே உள்ளே வந்தது. வந்து, பிரபுவின் இருக்கையில் அமர்ந்தது. நெருப்பு ஒடுங்கியது. கொம்புக் கோப்பைகளில் தேன்மதுவின் மேல் மெல்லிய பனிக்கட்டி படர்ந்தது. அதுவரை ரிரித் உட்கார்ந்திருந்த இருக்கை அது. அவன் எப்படியோ பெஞ்சுக்கு வந்திருந்தான்.

இனிர் மட்டும் நிதானம் இழக்கவில்லை. சட்டம் தெரிந்தவனுக்கு ஆவியும் ஒரு வழக்காளிதான். "சபை கூடுகிறது," என்றான். "மனுதாரர், மறைந்த பிரபு. நேரில் ஆஜர். பிராது, காதல். புலவர்கள் பதில் சொல்லட்டும்."

பளபளப்பு முதலில் இத்தெல் பக்கம் திரும்பியது. "நீ என்னைக் காதலித்தாயா?"

"உவமையாக் காதலிச்சேன், பிரபு."

"உவமை என்றால்?"

"அது வந்து... இல்லாததை இருக்கற மாதிரி..."

"அப்படியானால் இல்லை."

இத்தெல் புதுச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். பளபளப்பு குர்கந்த் பக்கம் திரும்பியது. "குழியில் பாதி கேட்டவள் நீதானே? வா. இடம் இருக்கிறது."

"பிரபு, பிரபு, அது மரபு!" குர்கந்தின் குரல் முதன்முறையாகச் சந்தம் தப்பியது. "குழின்னு நான் பாடினது குழியை இல்ல. நிஜமாவே குழிக்குப் போற எண்ணம் இருந்தா இந்த வருஷத்துக்குக் கம்பளிச் சட்டை தைக்கக் கொடுத்திருப்பேனா? உங்களுக்கு முன்னால ரெண்டு பேருக்கு அதே குழியப் பாடியிருக்கேன். ஒருத்தரும் வந்து கேட்கல. பெரிய மனுஷங்க! எனக்குப் பெண்டாட்டி இருக்கா, பேரன் இருக்கான். காதல்ங்கறது கூடத்துல மதுக்கொம்பு கைமாறுற நேரத்துல ஒரு மரியாதை, அவ்வளவுதான். யாருமே இதை இப்படி நேரடியா எடுத்துக்கிட்டது இல்ல!"

இனிர் தலையசைத்தான். "சபை தெளிவுபடுத்துகிறது. காதல் ரெண்டு வகை. ஒண்ணு பாட்டுக் காதல். அது கூடத்துக்குச் சொந்தம். அதுக்கு இருக்கை உண்டு, மது உண்டு, சட்டை உண்டு, எல்லாம் உண்டு. உள்ளே ஆள் இருக்கணும்னு மட்டும் கட்டாயம் இல்ல. இன்னொண்ணு வீட்டுக் காதல். அதுல ஆள் இருக்கும். சட்டத்துல இடம் இருக்காது. பிரபு முதல் வகையில சேர்ந்தவர். ஆகவே அவரை யாரும் காதலிக்கலைன்னாலும், காதல்ல ஒரு குறையும் வைக்கல."

கூடம் கரவொலி எழுப்பியது. நல்ல தீர்ப்பு என்றார்கள். ஒலி ஓய்ந்ததும் இருக்கையிலிருந்து, கொம்புக் குரல் இல்லாமல், எங்கோ ஆழத்திலிருந்து வருகிற மாதிரி ஒரு கேள்வி வந்தது.

"அப்படியானால் நான் யார்?"

கேட்டவர்கள் ஒவ்வொருவரும் தன் கையைத் தானே ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கேள்வியில் அப்படி ஒரு குளிர் இருந்தது. சாவைவிட மோசமான ஒரு இடத்திலிருந்து அவன் கேட்கிறான் என்பது ஹுனித்துக்கு மட்டும் புரிந்தது. கோபம் எல்லாம் கரைந்துபோனது. கதவோரப் பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

"நான் சொல்றேன்," என்றாள்.

"முடியாது அம்மணி," என்றான் இனிர். "கூடத்துல பிரபுவைப் பத்திப் பேசப் புலவர்களுக்குத்தான் உரிமை. அதுவும் பாட்டா. நீங்க சாதாரணமாப் பேசுவீங்க. அதுவும் உள்ளதைப் பேசுவீங்க. சபைக்கு என்ன மரியாதை?"

"அப்ப இவர் காலாகாலத்துக்கும் இங்கேயே உட்கார்ந்திருக்கட்டும்," என்றான் ரிரித் பெஞ்சிலிருந்து. "நீங்கள்லாம் இவர் பக்கத்துலயே சாப்பிடுங்க. அண்ணி பேசட்டும்யா!"

இனிர் பனிக்கட்டி மூடிய தன் கோப்பையைப் பார்த்தான். சட்டத்தில் எப்போதும் ஒரு சந்து இருக்கும். "ஒரு வழி இருக்கு. பிரபுவோட மனைவிக்குப் பாட்டுக் கேட்க ஆசை வந்தா, அவங்க அறையில புலவர் தாழ்ந்த குரல்ல பாடலாம். கூடத்துக்குத் தொந்தரவு இருக்கக் கூடாது. அது பழைய சட்டம். நீங்களும் உங்க அறையில, மெதுவாச் சொல்லுங்க. நாங்க கேக்கலைன்னு வெச்சுக்கறோம். இந்தப் பக்கம் விருந்து நடக்கும்."

ஹுனித் அதன் பக்கத்தில் போய் நின்றாள். கையைப் பிடித்தாள். பிடியில் கை அகப்படவில்லை, குளிர்தான் அகப்பட்டது. இருந்தாலும் அது எழுந்து பின்னால் வந்தது.

அறை சின்னது. ஒரு கட்டில், ஒரு பெட்டி, மரச்சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் யாழ் சத்தம் தொடங்கியது. அந்தப் பிரமாண்டம் கூரையை இடித்துக்கொண்டு நின்றது.

"சொல்," என்றது.

அவள் சட்டப்படி மெதுவாகச் சொன்னாள். "நீங்க குள்ளம்."

"கேட்கவில்லை."

"குனிஞ்சு கேளுங்க."

அது குனிந்தது.

"நீங்க குள்ளம். நின்னா என் காது வரைக்கும் வருவீங்க. கல்யாணத்தன்னிக்கு உங்கம்மா உங்களைப் படிமேல நிக்க வெச்சாங்க."

"நான் மலை குனிய..."

"இல்லங்க. வாத்துக்குப் பயந்து பின்கட்டு வழியாப் போவீங்க. இடி இடிச்சா ஆடு பயப்படும்னு சொல்லிக்கிட்டு நீங்க பட்டிக்குள்ள போய் உட்காருவீங்க. ஒருதடவ செத்த பெண்குதிரைக்காக நாலு நாள் சாப்பிடல, வயித்துவலின்னு வெளிய சொன்னோம்."

ஒவ்வொன்றுக்கும் அது இன்னும் கொஞ்சம் குனிந்தது. குனியக் குனியத் தோள் ஒடுங்கியது. ஓநாய்கள் எப்போது போயின என்று தெரியவில்லை. கழுத்தில் பொன் இருந்த இடத்தில் கம்பளி நூல் தெரிந்தது. ஆனால் முகத்தில் பளபளப்பு விடவில்லை.

"நான் எப்படிச் செத்தேன்?" குரலில் கொம்பு இல்லை இப்போது.

"அதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

அது யோசித்தது. "அப்ப எனக்குச் சொல்லலாம்."

கட்டிலில் உட்கார்ந்தாள். பக்கத்தில் தட்டிக்காட்டினாள், அவனும் உட்கார்ந்தான். எந்தப் பாட்டிலும் இல்லாத இடம் அது.

"எல்லைச் சண்டையில நீங்க ஓடி வந்தீங்க. ஆத்துல விழுந்து, நனைஞ்சு வந்தீங்க. காய்ச்சல் வந்துச்சு. இதே கட்டில்தான். ரொம்பப் பயந்தீங்க. எனக்குச் சாக வேண்டாம்னு அழுதீங்க, சின்னப்பிள்ளை மாதிரி. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, விடாத, விடாதன்னு சொன்னீங்க. இதை யார்கிட்டயும் சொல்லாதன்னும் சொன்னீங்க."

"நீ விட்டியா?"

"நீங்க விட்ட பிறகும் நான் விடல. டித்கி வந்துதான் பிரிச்சா."

பிறகு அவள் தோளருகே யாரோ மூச்சு விட்டார்கள். மூச்சில் ஒரு சின்ன விசில். திரும்பினாள். மூக்கு வலது பக்கம் சாய்ந்திருந்தது. வலது! கண் பழுப்பு, சாதாரணப் பழுப்பு, நனைந்த ஓரங்களோடு. அவள் பார்க்கப் பார்க்க அந்த முகம் தன்னைத் தானே நினைவுபடுத்திக்கொண்டு வந்து நின்றது.

"ஹுனித்," என்றான் எய்னியன்.

"ஏங்க."

"உனக்கு வெக்கமா இருந்துச்சா? நான் அழுதது."

"இல்லங்க. வேற யார் முன்னாலயும் நீங்க அழல. எங்கிட்டதானே அழுதீங்க."

அவன் தலையாட்டினான். "பாட்டு நல்லா இருந்துச்சா?" என்று கேட்டான்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு. உங்களைப் பத்தி இல்ல."

அவன் சிரித்தான். முன்பல் ஒன்று உடைந்திருக்கும், அதையும் அவள் மறந்துபோயிருந்தாள். அப்பாடா, எல்லாம் கிடைத்துவிட்டது என்று அவள் கையை நீட்டியபோது கட்டிலில் அவன் பக்கம் காலியாக இருந்தது. தான் யார் என்று தெரிந்துகொண்டவனுக்கு இங்கே நிற்க ஒரு காரணமும் இல்லை. அந்தப் பிரமாண்டத்தை அப்படியே விட்டிருந்தால் அது என்றைக்கும் போயிருக்காது. அவனை அவனாக்கி, அவளே அனுப்பிவைத்துவிட்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் நெருப்பு ஓங்கி எழுந்தது போலிருக்கிறது, ஆரவாரம் கேட்டது. தன் பாட்டின் கடைசி அடிதான் பிரபுவை அமைதியடையச் செய்தது என்று குர்கந்த் அறிவித்தார். சபை அதை ஒப்புக்கொண்டது. அடுத்து அவர் யாழின் நரம்பை முறுக்கிவிட்டு, புதுப் பிரபு ரிரித்தைப் பார்த்து, "உன்னைக் காணுமுன் நான் காதலித்ததே இல்லை" என்று பாடத் தொடங்கினார்.

அப்போதுதான் ஹுனித் அழுதாள். புதைத்த அன்று அழவில்லை, பெஞ்சில் அழவில்லை. இப்போது கட்டிலின் காலிப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, வயிற்றிலிருந்து, கன்றை இழந்த பசு மாதிரி அலறினாள். பாட்டு தடுமாறியது. யாழ் நின்றது.

கதவை மெதுவாகத் தட்டினார்கள். இனிரின் குரல். "அம்மணி, தாழ்ந்த குரல்லன்னு சொன்னேனே. கூடத்துக்குக் கேக்குது."

"கேக்கட்டும்!" என்றாள் ஹுனித்.